புதிய ஆள் முதல் சம்பளம் வரை தங்க என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் பனியன், டி-ஷர்ட் தைக்கும் யூனிட் நடத்துகிறேன். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் முதல் சம்பளத்துக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். அறிமுகப் பயிற்சி நடத்தச் சொல்லி, எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் தரப்பிலும் கேட்கிறார்கள். ஒரு நாள் போதுமா?

பதில்: பையருக்குக் காட்ட ஒரு நாள் போதும். கையெழுத்து வாங்கி, படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிடலாம். ஆள் தங்குவதற்கு அது உதவாது. முதல் மாதம் முழுவதற்கும் திட்டம் போடுங்கள்.

கம்பெனி வரலாற்றில் தொடங்காதீர்கள். வந்தவர் அறிய விரும்புவது, கைக்கு எவ்வளவு வரும் என்பதைத்தான். சேரும் நாளிலேயே ஒரு தாளில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பிடித்தம் கணக்கிடும் சம்பளம் மாதம் 14,000 ரூபாய் என்றால், பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105 ரூபாய். கைக்கு வருவது 12,215. இதைச் சொல்லாமல் விட்டால், சம்பளத்தன்று 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு விடுதி வரை போய்விடும். பி.எஃப்.பில் நீங்களும் 12 சதவீதம் கட்டுகிறீர்கள், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் கட்டுகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டா, நேரக் கணக்கான ஷிப்டா, ஒன்றரை ஷிப்ட் ஓடினால் கணக்கு எப்படி என்பதையும் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஆவணங்கள். முன்பு வேறு கம்பெனியில் இருந்தவருக்கு பி.எஃப்.புக்கான யு.ஏ.என். எண் ஏற்கெனவே இருக்கும்; கம்பெனி மாறினாலும் அதே எண்தான். அதைக் கேட்டு வாங்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கினால், பின்னாளில் பணம் எடுக்க அலைவது அவர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாங்க் பாஸ்புக்கில் முன்னால் என்று இருப்பது நம் ஊரில் சகஜம். முதல் வாரத்திலேயே பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. பதிவைப் பத்து நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

பாதுகாப்பைச் சொற்பொழிவாக நடத்த வேண்டாம். மெஷின் அருகே நிறுத்திச் செய்து காட்டுங்கள். ஊசி உடைந்தால் என்ன செய்வது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினை நிறுத்த வேண்டும், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுக்க வேண்டும், பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் இருக்கும் பீஸ்களைத் தனியே எடுத்து வைத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தை உடுப்புக்குள் ஊசி முனை போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி சொன்னால், விதி எதற்கு என்பது புரிந்துவிடும். திட்டு விழும் என்று பயந்து துண்டை மறைப்பவர்தான் ஆபத்து. எனவே ஊசி உடைந்ததற்குத் திட்டவே கூடாது என்று சூப்பர்வைசருக்கும் சொல்லி வையுங்கள்.

சொல்லப்போனால், பயிற்சி முதலில் தேவைப்படுவது உங்கள் லைன் சூப்பர்வைசருக்குத்தான். ஆபீஸில் அன்பாகப் பேசி அனுப்பிய ஆளை அவர் அரை மணி நேரத்தில் விரட்டிவிட முடியும். கைமடிக்கு, அதாவது தையல்காரருக்கு உதவியாளாக, வந்தவரிடம் முதல் வாரமே பழைய ஆளின் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது; வாரவாரம் எவ்வளவு கூட வேண்டும் என்று சூப்பர்வைசரிடமே இலக்கு எழுதி வாங்குங்கள்.

ஒடிசா, பீகாரிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் அச்சிட்ட கையேடு பயன்படாது. அதே மொழி பேசும் பழைய தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்து, அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவார். பெண்களுக்கு, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உறுப்பினர்களை நேரில் அறிமுகப்படுத்துங்கள். பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் அந்தக் குழுவை 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் அமைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், பத்தாம் நாள், முதல் சம்பளத்துக்கு மறுநாள் ஆகிய மூன்று முறையும் பத்து நிமிடம் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், சூப்பர்வைசர் அருகில் இல்லாமல். நின்றுவிட்டவர்களுக்கும் ஒரு போன் போட்டுக் காரணத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதை அந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்யலாம்.