பதினொன்றாம் நாள் கணக்கை விடுங்கள்

கேள்வி: எங்கள் ராஜபாளையம் பெட்டை நாய்க்கு 5 வயது. போன ஹீட்டிலும் (இணை சேரும் பருவம்) இந்த ஹீட்டிலும் ரத்தம் கண்ட 11, 13-ஆம் நாட்களில் ஆணோடு சேர்த்தோம். சினை பிடிக்கவில்லை, இந்த முறையும் வயிறு தெரியவில்லை. மலடாக இருக்குமோ? உடம்பும் ஒல்லி, முடி கொட்டுகிறது. ஹீட் வரவைக்க ஊசி போடலாமா? ஹீட் முடிந்து 5 வாரமாகிறது. நாலு நாளாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், வெயிலாலோ?

பதில்: வெயில் என்று விட்டுவிடாதீர்கள். ஹீட் முடிந்த 4 முதல் 8 வாரத்துக்குள் ஒரு பெட்டை தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல், அடிக்கடி சிறுநீர் கழித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். வாலடியில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நாற்றத்தோடு பழுப்பாகவோ ரத்தம் கலந்தோ ஒட்டினால் அநேகமாகச் சீழ்தான். ஒன்றும் ஒட்டவில்லை என்றாலும் நிம்மதியடைய வேண்டாம்: வாய் மூடிய கர்ப்பப்பையில் சீழ் உள்ளேயே தேங்கும்; அதுதான் உயிரைக் குடிப்பது. இன்றே ஸ்கேன் எடுங்கள். குட்டியா சீழா என்று அதில் தெரிந்துவிடும். சீழ் என்றால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரும். குட்டி ஆசையில் தள்ளிப்போடாதீர்கள்.

ஊசி வேண்டவே வேண்டாம். கடைக்காரரும் யூடியூபும் சொல்லும் ஈஸ்ட்ரோஜன் ஊசி இதே சீழை வரவழைக்கும், எலும்பு மஜ்ஜையையும் கெடுக்கும். ராஜபாளையம் ஒல்லியாகத்தான் இருக்கும். ஹீட்டுக்குப் பிறகு முடி கொட்டுவதும் சகஜம்.

மலடு என்று இப்போதே முடிவு கட்ட முடியாது. நாள் தவறியிருக்கவே வாய்ப்பு அதிகம். சில பெட்டைகளுக்கு 7-ஆம் நாளே முட்டை வெளியாகும், சிலதுக்கு 20 தாண்டும். வெளியான முட்டை முதிர மேலும் 2 நாள் வேண்டும். ரத்தம் வெளுத்து வைக்கோல் நிறமாவதும், இடுப்பைத் தொட்டால் வாலை ஒதுக்கி நிற்பதும் நல்ல அடையாளங்கள், ஆனால் அவை மட்டும் போதாது. 5-ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமை ஒட்டி வந்தால் முட்டை வெளியாகிறது. அதிலிருந்து 2-ஆம் நாளும் 4-ஆம் நாளும் சேர்க்கலாம். அதற்கு வசதியில்லையா, யோனிச் செல்லைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டைச் செல்கள் போய், உடைந்த அப்பளம் போல ஓரம் கூர்த்த செல்களே நிறைந்திருந்தால் காலம் நெருங்கிவிட்டது. சேர்க்குமுன் ஆண், பெட்டை இரண்டுக்கும் புருசெல்லா (கருவைக் கலைக்கும் தொற்று) பரிசோதனை கட்டாயம்.

இதெல்லாம் கர்ப்பப்பை நலமாக இருந்தால், அடுத்த ஹீட்டுக்கு. இப்போது கிளம்புங்கள். சோறு போடாதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.