வேல்ஸ் சட்டமன்ற உறுப்பினர் ஊர்க் குறையைப் பேசினால் பஸ் வந்துவிடுமா?

உடனே வராது, அதற்காகப் பேச்சு வீணென்று தள்ளிவிடவும் முடியாது. கார்டிஃபில் உள்ள செனெட்தான் வேல்ஸின் சட்டமன்றம். மருத்துவமனை, பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டால் அமைச்சர் நழுவ இடமில்லை. அவை வேல்ஸ் அரசின் பொறுப்பு.

சிக்கல் ரயிலில்தான். பெரும்பாலான ரயில்களை 2021 முதல் ஓட்டுவது வேல்ஸ் அரசுக்குச் சொந்தமான நிறுவனம். தண்டவாளமோ பெரும்பாலும் நெட்வொர்க் ரயில் என்ற பிரிட்டன் அரசு நிறுவனத்துடையது. அதன் கடிவாளம் லண்டனில் இருக்கிறது. எனவே பெட்டி போதவில்லை என்றால் ஒரு பதில், சிக்னல் பழுது என்றால் வேறு பதில். (கார்டிஃபுக்கு வடக்கேயுள்ள பள்ளத்தாக்குப் பாதைகள் மட்டும் 2020இல் வேல்ஸ் கைக்கு வந்துவிட்டன.)

பஸ் கதை இன்னும் பழையது. 1986இல் பஸ் சேவை மீதான அரசுக் கட்டுப்பாடு தளர்ந்தபின், லாபமில்லாத தடத்தை நிறுவனம் கைவிடலாம் என்றாகிவிட்டது. 60 வயதானவர்களுக்கு இலவச பஸ் அட்டை உண்டு. மாலைக்குப் பிறகு பஸ்ஸே வராத ஊரில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? உறுப்பினர் எழுந்து கேட்பது அதைத்தான்.