படபடப்புக்கு மாத்திரை வேண்டாம், நிறுத்திய இன்ஹேலர்தான் வேண்டும்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, பல வருடமாக வீசிங். டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்தியதால் அதை நிறுத்திவிட்டோம். இப்போது சால்பியூட்டமால் மட்டும் தினமும் ஏழெட்டு முறை அடிக்கிறார். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் ப்ரோப்ரனலால் 10 மி.கி. எடுத்துத் தந்தார்கள். இன்னும் தொடங்கவில்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அட்டை வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

சால்பியூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையின் பீட்டா-2 ஏற்பிகளில் (மருந்து ஒட்டும் இடங்கள்) போய் ஒட்டும். இறுகிய தசை சில நிமிடங்களில் தளரும். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். அதே ஏற்பிகள் கைத்தசையிலும் இருப்பதால் நடுக்கம். ரத்தக்குழாயிலும் இதயத்திலும் இருப்பதால் படபடப்பு. ப்ரோப்ரனலாலோ இதயத்தின் பீட்டா-1, நுரையீரலின் பீட்டா-2 என்று பிரித்துப் பார்க்காது, இரண்டையும் அடைத்துவிடும். படபடப்பு அடங்கும், கூடவே மூச்சும் அடைக்கும். அவசரத்துக்கு இன்ஹேலரை எடுத்து அடித்தாலும் சரியாகக் கேட்காது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ள மருந்து இது. "ஆஸ்துமா உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் கல்லாவுக்கு மேலே நீட்டுகிறார்கள். கேட்க ஆளில்லை.

படபடப்பு அம்மாவுக்கு வந்த புது நோய் அல்ல, சால்பியூட்டமால் அளவு மீறியதன் அடையாளம். ஏன் ஏழெட்டு முறை தேவைப்படுகிறது? ஆஸ்துமாவில் தசை இறுகுவது பாதிக் கதைதான். மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சிவந்து, சளி சுரந்துகொண்டே இருக்கிறது. சால்பியூட்டமால் அந்த அழற்சியைத் தொடுவதே இல்லை. ஜன்னலைத் திறந்தால் புகை போகும், அடுப்பு அணையாது. போதாததற்கு, ஓயாமல் தூண்டப்படும் ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைந்துவிடும். நேற்று இரண்டு பஃப்பில் கிடைத்த நிம்மதிக்கு இன்று நாலு வேண்டியிருக்கும். அழற்சியைக் குறைப்பது நீங்கள் நிறுத்திய ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். குறைந்த ஏற்பிகளை மறுபடி கூட்டுவதும் அதே மருந்து.

200 பஃப் கொண்ட சால்பியூட்டமால், முறைக்கு இரண்டு பஃப் என்றால், உங்கள் வீட்டில் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றுதான் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து கூடும். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலான ஜினா, சால்பியூட்டமாலை மட்டும் தனியாக நம்பியிருக்க வேண்டாம் என்று 2019-லேயே சொல்லிவிட்டது.

இனி ஸ்டீராய்டு பயம். இன்ஹேலரில் ஒரு பஃப் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு பெரும்பாலும் 200 மைக்ரோகிராம். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோன் ஒன்றே பொதுவாக 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். அதுவும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். இன்ஹேலருக்குப் பயப்படும் அதே குடும்பங்கள், இளைப்பு வந்தால் மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத மாத்திரைகளைக் கேள்வி கேட்காமல் விழுங்குகின்றன. "ஒரே வேளையில் நிற்கும்" என்று அதைப் புகழ்வதும் அவர்கள்தான். உள்ளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தால் நிற்காமல் என்ன செய்யும்? மூலிகைப் பொடி என்று பாக்கெட்டில் விற்பதிலும் இந்தக் கலப்பு உண்டு. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். உங்கள் சொந்தக்காரர் பயப்பட வேண்டிய இடம் அது.

இன்ஹேலரில் நிஜமான தொந்தரவு வாயில் வெள்ளைப் படலம், குரல் கம்முதல். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்து அடித்து, முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. எப்படி அடிப்பது என்று காட்ட, டோக்கன் வரிசையில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் ஓபி-யில் யாருக்கும் நேரமில்லை. நீங்களே விடாமல் கேளுங்கள். டாக்டர் முன்னால் அம்மாவே இன்ஹேலரை ஒருமுறை அடித்துக் காட்டட்டும்.

இன்னொன்று. அம்மாவுக்குக் கண்ணில் நீரழுத்த நோய் (கிளாகோமா) இருக்கிறதா? அதற்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் ப்ரோப்ரனலால் வகையறாதான். கண்ணில் விடும் ஒரு சொட்டு நுரையீரலை என்ன செய்துவிடும் என்று தோன்றும். கண்ணின் உள் மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு வடிகால் போகிறது. சொட்டு அதன் வழியே இறங்கி, மூக்கின் சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் கலக்கும். மாத்திரையைப் போலக் கல்லீரலைத் தாண்டி வர வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. அந்த ஒரு சொட்டிலேயே ஆஸ்துமாக்காரருக்குக் கடுமையான இளைப்பு வரலாம். கண் டாக்டரிடம் "வீசிங் உண்டு" என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு ஒத்துப்போகும் வேறு சொட்டு மருந்துகள் இருக்கின்றன. சொட்டை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, பார்வை போகலாம்.

இன்றோ நாளையோ இரண்டு இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அடித்தும் இளைப்பு அடங்காவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நாள் கணக்கெல்லாம் கிடையாது. உடனே 108-ஐ அழையுங்கள்.