பம்பனின் கர்ணன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கன்னடத்தின் ஆதிகவி எனப்படும் பம்பன் ஒரு சமணன். முதல் தீர்த்தங்கரரின் கதையான ஆதிபுராணம் பாடிய அவனே பாரதப் போரையும் பாடியது முரண்பாடு அல்லவா? அரசனைப் புகழ எழுதிய நூலைக் காவியம் எனலாமா? அவன் இருந்த வேமுலவாடா இன்று தெலங்கானாவில் இருப்பதால் அவன் தெலுங்கன் என்கிறார் என் நண்பர்.

கே.

அன்புள்ள கே.,

நண்பரின் வழக்கு எனக்கு வேண்டாம். பம்பனின் தம்பி ஜினவல்லபன் குர்க்கியாலில் வெட்டுவித்த பாறைக் கல்வெட்டில் கன்னடம், சமஸ்கிருதம், தெலுங்கு மூன்றும் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் இல்லாத சண்டை நமக்கு எதற்கு?

முரண்பாடு என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எரிச்சல் வந்தது. சமணத் துறவியான திருத்தக்கதேவர் சீவகனின் மணங்களையெல்லாம் அத்தனை ருசியோடு பாடிய மொழியில் பிறந்துவிட்டு இதைக் கேட்கலாமா? பாரதத்தில் உலகியலையும் ஆதிபுராணத்தில் ஜினாகமத்தையும், அதாவது சமண மறையையும், விளக்குவதாகப் பம்பனே எழுதிவைத்திருக்கிறான்.

அரசப் புகழ்ச்சி பற்றிய கேள்விதான் சில நாட்களாக என் மனத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. 902இல் பிறந்த பம்பன், 941ஐ ஒட்டி எழுதிய தன் பாரதமான விக்கிரமார்ஜுன விஜயத்தில், தன்னைப் போற்றிய சாளுக்கிய மன்னன் அரிகேசரியையே அர்ஜுனனாக்கினான். அதற்காகத் திரௌபதி அர்ஜுனனுக்கு மட்டுமே மனைவியானாள். இறுதியில் அரசமுடியும் தருமனைத் தாண்டி அர்ஜுனனுக்கே போயிற்று. இவ்வளவையும் அரசனுக்குக் கொடுத்துவிட்டு, அந்த அர்ஜுனன் கொல்ல வேண்டிய கர்ணனைக் காட்டி, பாரதத்தில் வேறெவரையும் நினையாதே, நினைப்பதானால் ஒரே சித்தத்தோடு கர்ணனை நினை என்று அதே நூலில் எழுதுகிறான். கூலிக்குப் பாடியவன் செய்கிற காரியமா இது?

‘எடுக்கவோ கோக்கவோ’ என்பதை வில்லிபுத்தூரார் வழியாகவும் திரைப்படம் வழியாகவும் அறிந்திருப்பீர்கள். வில்லிக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அது பம்பனிடம் இருக்கிறது. பிறப்பின் உண்மையைச் சொல்லித் தன்பக்கம் அழைக்கும் கண்ணனிடம், சூதாட்டத்தில் துரியோதனனின் மனைவி பானுமதி தன்னிடம் தோற்றதையும், பந்தயத்துக்காகத் தான் வற்புறுத்தியபோது அவள் முத்தாரம் அறுந்ததையும், சந்தேகத்தின் நிழல்கூட இல்லாமல் ‘இவற்றைப் பொறுக்கட்டுமா’ என்று துரியோதனன் கேட்டதையும் கர்ணன் சொல்கிறான். அப்படிப்பட்டவனை விட்டு உங்களோடு சேர்ந்தால் நான் இழிந்தவன் ஆகமாட்டேனா என்கிறான். அர்ஜுனனைப் பாடப் பணிக்கப்பட்டவன், எதிரணியின் நட்புக்கு இப்படி ஒரு செய்யுளைச் செலவழித்திருக்கிறான். இதற்கு அரிகேசரி முகம் சுளிக்கவில்லை போலும். கவிக்கு தர்மபுரம் என்ற அக்கிரகாரத்தைக் கொடையாகத் தந்தான்.

நீங்கள் ஆதிபுராணத்தின் பெயரைத்தான் சொல்கிறீர்கள், படித்ததாகத் தெரியவில்லை. நீலாஞ்சனை ஆடிக்கொண்டிருக்கும்போதே மறையும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். பழங்கன்னடம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பரையும் அழைத்துக்கொள்ளலாம், தெலங்கானாவைப் பற்றிப் பேசமாட்டார் என்றால்.