கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் ரிப்பேர் செய்யலாம் என்று எண்ணம். கூப்பிடுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெரியவர்கள் வீட்டில் பாதி வேலை எதையும் மாற்றாமல் விடுவதுதான். நீங்கள் கிளம்பிய பிறகும், நேற்று பார்த்த ஐகான் நேற்று இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கடைப் பழக்கத்தில் ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போட்டால் மெஷின் வேகமாக ஓடும். ஆனால் அவருக்கு அது யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டராகத் தெரியும். மறுநாள் காலையே போன் வரும்.

"நெட் வரல தம்பி" என்று கூப்பிட்டால், ரவுட்டரைத் தொடுவதற்கு முன் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். டெஸ்க்டாப்பை ஷட்டவுன் செய்ததும் சுவர் ஸ்விட்சையும் அணைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதனால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் செல் சீக்கிரம் தீர்கிறது, தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் ஏற்காது. 3 வோல்ட் செல் மல்டிமீட்டரில் 2.8-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மாற்றியபின் பயாஸில் (மெஷின் தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்பு) சாட்டா மோடையும், அதாவது டிஸ்க்கோடு பேசும் முறையையும், பார்க்க வேண்டும். பழைய விண்டோஸ் ஐடிஇ மோடில் நிறுவப்பட்டிருந்து, செல் தீர்ந்ததில் பயாஸ் தானாக ஏஹெச்சிஐ மோடுக்கு மாறியிருந்தால் நீலத்திரைதான். இதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிப்பவர்கள் உண்டு.

"கீபோர்டு செத்துப்போச்சு" என்பது இன்னொரு புகார். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் பிடித்தால்தான் வருகிறது என்றால் அது ஃபில்டர் கீஸ் என்ற விண்டோஸ் வசதி. வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்தினாலே அது இயங்கத் தொடங்கும்; கை மெதுவாக இயங்குகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அதையும் அதன் ஷார்ட்கட்டையும் அணைத்துவிடுங்கள். புது கீபோர்டு விற்காதீர்கள்.

எழுத்து சின்னதாக இருக்கிறது என்றால் ரெசல்யூஷனைக் குறைக்கக் கூடாது, எல்லாம் மங்கிவிடும். டிஸ்பிளே செட்டிங்ஸில் ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். டபுள் கிளிக் வரவில்லை என்றால் மவுஸ் செட்டிங்ஸில் அதன் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைக்கலாம்.

மெதுவாக ஓடும் பழைய மெஷினுக்கு ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) போடுவதுதான் கண்கூடாகப் பலன் தரும் வேலை. 2.5 அங்குல சாட்டா, 240 அல்லது 256 ஜிபி பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதற்கு முன் டிஸ்க்கின் நலம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பழைய டிஸ்க்கைப் பாருங்கள். கரண்ட் பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தால் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பான செக்டிஸ்க்கை ஓட்டவே ஓட்டாதீர்கள்; சாகப்போகும் டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பழுதான டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ மூலம் முதலில் நகல் எடுங்கள். நல்ல டிஸ்க் என்றால் முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும் குளோனசில்லா போதும், ஆனால் புது டிஸ்க்கின் அளவு பழையதைவிடச் சிறியதாக இருந்தால் அது மறுக்கும். முதலில் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) சுருக்க வேண்டும்.

ஃபைல்களை மட்டும் நகலெடுப்பதாக இருந்தால் ஒரு பொறி இருக்கிறது: ஃபான்ட். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சங்கச் செயலாளர்கள் பலர் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் வருடக்கணக்காகத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் எடுக்காமல் விட்டால், புது மெஷினில் தமிழ்க் கடிதம் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பழைய டிஸ்க்கை எடுத்துச் செல்லாதீர்கள். தேதி எழுதி ஒட்டி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

லேப்டாப் ராமில் டிடிஆர்3, அதன் குறைந்த வோல்டேஜ் வகையான டிடிஆர்3எல் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். நான்காம் தலைமுறை இன்டெல்லிலிருந்து 1.35 வோல்ட் எல் வகைதான் கேட்கும், 1.5 வோல்ட் ராம் போட்டால் பல மெஷின்கள் ஆன் ஆகாது. டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லாத, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷினில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றலாம்தான். பெரியவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பெரிய அப்டேட் வரும்போது மறுபடி கையால்தான் ஏற்ற வேண்டும். புது லேப்டாப்பில் வேறு சிக்கல்: மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். பயாஸ் அப்டேட்டுக்கோ போர்டு மாற்றுவதற்கோ முன் அந்த என்கிரிப்ஷனைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் சாவியை எடுத்து அச்சிட்டு, பென்ஷன் புத்தகத்தோடு வைக்கச் சொல்லுங்கள்.

மூலையில் "வைரஸ் வந்துவிட்டது" என்று அறிவிப்பு மேல் அறிவிப்பாக வருகிறதா? பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு அவர் 'அலோ' கொடுத்திருப்பார். குரோமில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். எனிடெஸ்க், டீம்வியூவர் (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் செயலிகள்) இருந்தால் யார் போட்டது என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவர் போனில் சொல்லிப் போட வைத்திருந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பிறகு வேறு போனிலிருந்து வங்கிக்கும், பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் உடனே பேசச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினால் தப்பில்லை.

பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் கேட்காதீர்கள், அவர்களையே தட்டச் சொல்லித் திரும்பி நில்லுங்கள். "நீயே பணம் அனுப்பிக் குடுப்பா" என்று எவ்வளவு உரிமையோடு சொன்னாலும் வங்கி வேலையை நீங்கள் செய்யக் கூடாது. சொல்லிக்கொடுக்கும்போது மவுஸ் அவர் கையில் இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். படிகளை அவர் சொல்லும் வார்த்தையிலேயே ("பச்சை போன் படம்") அவரே நோட்டில் எழுதட்டும்.

மணிக் கணக்கில் கூலி பேசாதீர்கள், பாதி நேரம் காபியிலும் பேச்சிலும் போகும். வருகைக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். பார்ட்ஸ் பில் அவர் பெயரில் இருக்கட்டும், எஸ்எஸ்டி வாரன்டிக்கு அது வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் ஏதோ ஏஜென்டுடையது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை.

நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்களிடமிருந்து ஜீவன் பிரமாணுக்காக (டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ்) அழைப்பு வரும். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே. ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ்ஆர்டி செயலியும் வேண்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள், முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் பிடிக்காது. பிபிஓ எண்ணை (ஓய்வூதிய ஆணை எண்) வாயால் சொல்லக் கேட்டு அடிக்காமல் புத்தகத்தைப் பார்த்து அடியுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் சான்றிதழ் உருவாகும், பின்னால் நிராகரிக்கப்படும்.