கரையில் இருக்கும் நாளிலும் கணவர் போனும் கையுமாக இருக்கிறார்: பதில்

போனைப் பிடுங்கி வைக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களை மட்டும் மியூட் செய்யச் சொல்லுங்கள், அழைப்பு வரட்டும். கடலுக்குப் போகாத நாளில்கூட தட்டுக்கு முன்னால் போனைப் பார்க்கிறார், பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்றுதானே கேட்டிருந்தீர்கள்?

பாம்பன் பக்கம் விசைப்படகில் போகிறவருக்குக் காற்று எச்சரிக்கை, நாளைக்குக் கடலுக்குப் போக மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் உண்டா, இறால் என்ன விலை எல்லாமே போனில்தான் வருகிறது. அதைப் பார்க்க எடுத்தவர் அப்படியே ரீல்ஸுக்குள் போய்விடுவார். அநேகமாக அதுதான் காரணம்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் திறந்து, எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அவரோடு சேர்ந்தே பாருங்கள். தனியாகப் பார்த்தால் வேவு பார்த்த கதையாகிவிடும், அப்புறம் சண்டைதான். வாட்ஸ்அப் அதிகம் என்றால் 8 மணி நேர மியூட் போதும். வீடியோ அதிகம் என்றால் மியூட் உதவாது. அங்கேயே அந்தச் செயலிக்கு நேர வரம்பு வையுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கணக்கு மாறும். டோக்கன் பேச்சு இருக்காது, ரீல்ஸ் கூடும். அப்போது மறுபடி பாருங்கள். வீட்டு ஆள் யாராவது கடலில் இருக்கும் இரவில் மட்டும் எதையும் மியூட் செய்ய வேண்டாம்.