1930களின் பேர் தெரியாத குற்றப்படங்களில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பழைய சாமான்களோடு ஒரு 16 மி.மீ. றீல் கிடைத்தது. 1930களின் தொடக்கத்து அமெரிக்கக் குற்றப்படமாம். தெரிந்த நடிகர் ஒருவரும் இல்லை. இதையும் சேகரிக்க ஆள் இருக்கிறதா?

இருக்கிறது. படத்தில் எதைக் காட்டலாம் என்று சொல்லும் ஹொலிவூட்டின் ஒழுக்க விதிகள் 1930இலேயே எழுதப்பட்டாலும் 1934 ஜூலையில்தான் இறுகின. அதற்கு முந்திய படங்களில் பொலிஸ்காரர் இலஞ்சம் வாங்குவார், குற்றவாளி சிலவேளை தப்பியும் விடுவான். பின்னர் மறுவெளியீட்டுக்காகச் சில படங்களின் நெகட்டிவிலேயே கத்தரி வைத்தார்கள். ஆகவே வெட்டு விழாத பிரதிக்குத்தான் மவுசு. சிறு கம்பனிகளின் நைட்ரேட் என்ற பழைய வகைப் படச்சுருளில் இருந்த மூலங்கள் பல அழிந்துபோக, தொலைக்காட்சிக்கென எடுத்த 16 மி.மீ. பிரதி மட்டும் மிஞ்சிய படங்களும் உண்டு. கதை பெரும்பாலும் சுமார்தான், அது வேறு விசயம்.

அவசரப்பட்டு ஓட்ட வேண்டாம். முதலில் மணந்து பாருங்கள். வினாகிரி வாடை அடித்தால் படச்சுருளின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. இறுக மூடிய தகரப் பெட்டி அமிலத்தை உள்ளே அடைத்து அதை விரைவாக்கும். மற்ற றீல்களிலிருந்தும் தள்ளி வையுங்கள். படச்சுருளின் ஓரத்துத் துளை ஒரு பக்கம் மட்டுமா? அப்படியானால் மறுபக்கம் ஒலித்தடம் இருக்கக்கூடும்.

அடுத்தது, படச்சுருள் சுருங்கியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 100 துளை இடைவெளி சுமார் 762 மி.மீ. வரவேண்டும். 754க்குக் குறைந்தால் புறொஜெக்டர் பற்கள் துளையைக் கிழிக்கும். பல்லில்லாத ஸ்கானர்தான் வழி. படம் முழுதாக இருக்கிறதா என்று நீளத்தை வைத்து ஊகிக்கலாம்: 400 அடி 11 நிமிடம் ஓடும், எனவே ஒரு மணிநேரப் படத்துக்கு ஏறத்தாழ 2,160 அடி வேண்டும்.

மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீரால் துடைத்தால் படப்பூச்சு ஊறிக் கழன்றுவிடும்.